மெர்கல் ‘அதிபர்’ அல்ல: பெரும்பான்மையே இல்லாமல் பதினாறு ஆண்டுகள்

ஏஞ்சலா மெர்கலைப் பற்றி நம் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் பதினாறு ஆண்டுகள் செய்தி வெளியிட்டன. சில இடங்களில் அவர் ‘ஜெர்மனி அதிபர்’, சில இடங்களில் ‘பிரதமர்’, வேறு சில இடங்களில் ‘சான்சலர்’. எப்படி அழைத்தால் என்ன, ஆளைத் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ‘அதிபர்’ என்று படிக்கும்போதே நினைத்ததைச் செய்துமுடிக்கும் ஒரு தலைவரின் உருவம் மனதில் எழுந்துவிடுகிறது. அதன்பிறகு அவரைப் பற்றி எதைப் படித்தாலும் அந்த உருவத்தை வைத்தே புரிந்துகொள்கிறோம். “மெர்கல் எல்லையைத் திறந்தார்”, “மெர்கல் கிரேக்கத்தைத் தண்டித்தார்”, “மெர்கல் அணு உலைகளை மூடினார்” என எல்லா வாக்கியத்திலும் எழுவாய் அவர் ஒருவரே.

தவறு நம் பத்திரிகைகளுடையது மட்டுமன்று. டைம் இதழ் 2015ஆம் ஆண்டின் சிறந்த மனிதராக அவரைத் தேர்ந்தெடுத்தபோது ‘சுதந்திர உலகின் சான்சலர்’ என்று அட்டையில் போட்டது. ஃபோர்ப்ஸ் இதழின் சக்திவாய்ந்த பெண்கள் பட்டியலில் 2006 முதல் 2020 வரை, 2010 ஒன்றைத் தவிர, அவருக்கே முதலிடம். இப்படிக் கொண்டாடப்பட்ட மெர்கலின் கட்சிக்கு அந்தப் பதினாறு ஆண்டுகளில் ஒருநாள்கூட நாடாளுமன்றத்தில் தனிப் பெரும்பான்மை இருந்ததில்லை.

அப்படியானால் எப்படி ஆண்டார்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் அவரைப் பற்றிய புகழையும் வசையையும் சரியாக எடைபோட முடியும்.

கல்லாவில் இருப்பவர்

ஒரு கடைத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் முதல் போட்டு ஒரு மளிகைக் கடை நடத்துகிறார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தச் சரக்கை யார் வாங்குவது, எதற்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதிகப் பங்கு உள்ளவர் கல்லாவில் உட்கார்கிறார். வாங்க வருபவர்கள் பார்ப்பது அவர் முகத்தைத்தான். பருப்பு விலை ஏறினால் அவரைத் திட்டுவார்கள், புதிதாக ஒரு சரக்கு வந்தால் அவரைப் பாராட்டுவார்கள். அந்தச் சரக்கை அவர் வேண்டாம் என்று கடைசிவரை வாதாடியிருக்கலாம். பங்குதாரர் பிடிவாதமாக நின்று கொண்டுவந்திருக்கலாம். தெருவில் நிற்பவருக்கு அது தெரிய வழியில்லை.

ஜெர்மனியின் சான்சலர் அந்தக் கல்லாவில் இருப்பவர். சான்சலர் என்பது நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அரசாங்கத் தலைவர் பதவி. ஏறத்தாழ நம் பிரதமர் பதவிக்கு இணையானது. அந்த நாட்டுக்குக் குடியரசுத் தலைவர் தனியாக இருக்கிறார். அவர் பெரும்பாலும் மரபுசார்ந்த கடமைகளைச் செய்பவர். ஆகவே ‘அதிபர் மெர்கல்’ என்பது இரண்டு வெவ்வேறு நாற்காலிகளைக் குழப்பிக்கொள்வதாகும்.

ஒரே சீட்டில் இரண்டு வாக்கு

கடை ஏன் கூட்டுக் கடையாகவே இருக்கிறது? காரணம் வாக்குச்சீட்டிலேயே தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் நமக்கு ஒரு வாக்கு. தொகுதியில் யார் அதிக வாக்கு வாங்குகிறாரோ அவர் உறுப்பினர். முப்பத்தைந்து சதவீத வாக்கு வாங்கிய கட்சி, எதிரணி சிதறிக் கிடந்தால், மிகப் பெரிய பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்துவிடலாம். ஜெர்மானிய வாக்காளருக்குக் கிடைப்பது நடுவில் பிரிக்கப்பட்ட ஒரு நீண்ட தாள். இடப்பக்கம் தொகுதி வேட்பாளருக்கு ஒரு குறி, வலப்பக்கம் கட்சிக்கு ஒரு குறி. ‘இரண்டாவது வாக்கு’ எனப்படுவது கட்சிக்கு இடும் குறி. பெயர்தான் இரண்டாவது, நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு இடம் என்பதை முடிவு செய்வது அதுவே. நூற்றுக்கு முப்பத்தைந்து பேர் ஒரு கட்சிக்கு வாக்களித்தால் இடங்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான் கிடைக்கும். இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1989 முதல் அங்கே நாடாளுமன்றத் தேர்தல்கள் விகிதாசார முறையில்தான் நடக்கின்றன.

இதில் ஒரு வடிகட்டி உண்டு. நாடு முழுவதும் ஐந்து சதவீத வாக்குகூடப் பெறாத கட்சிக்குப் பொதுவாக இடம் இல்லை. இதற்கு ‘ஐந்து சதவீதத் தடை’ என்று பெயர்.

இந்தத் தடையின் விளையாட்டை 2013இல் பார்க்கலாம். மெர்கலின் கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியமும் அதன் பவேரியச் சகோதரக் கட்சியான கிறிஸ்தவ சமூக ஒன்றியமும் சேர்ந்து 41.5 சதவீதம் பெற்றன. அவருடைய காலத்தின் உச்சம் அதுதான். உலகப் பத்திரிகைகள் மாபெரும் வெற்றி என்று எழுதின. ஆனால் அதுவரை அவருடன் ஆட்சியில் இருந்த சுதந்திர ஜனநாயகக் கட்சி 4.8 சதவீதத்தில் நின்று மன்றத்திலிருந்தே வெளியேறியது. 631 இடங்களில் மெர்கல் தரப்புக்கு 311. பெரும்பான்மைக்கு 316 வேண்டும். எதிரே இருந்த மூன்று கட்சிகளையும் கூட்டினால் 320! அவை ஒன்றுசேர்ந்திருந்தால், அந்த ‘மாபெரும் வெற்றியாளர்’ எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருப்பார். சமூக ஜனநாயகக் கட்சி இடதுசாரிக் கட்சியோடு சேர மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டதால் அது நடக்கவில்லை.

சுருக்கமாக: கட்சிக்கு விழும் வாக்கின் அளவுக்கே இடம் கிடைப்பதால் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைப்பது மிக அரிது. ஆட்சி என்றாலே கூட்டு ஆட்சிதான்.

ஒப்பந்தம் எனும் கயிறு

மெர்கலின் நான்கு ஆட்சிக் காலங்களில் மூன்றில் அவருடைய பங்காளி, தேர்தலில் அவர் எதிர்த்து நின்ற சமூக ஜனநாயகக் கட்சி. 2009 முதல் 2013 வரை மட்டும் சுதந்திர ஜனநாயகக் கட்சி.

முதல் முறையே சண்டையில்தான் ஆரம்பித்தது. 2005 தேர்தலில் மெர்கல் தரப்பு 35.2 சதவீதம், அப்போதைய சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடரின் சமூக ஜனநாயகக் கட்சி 34.2 சதவீதம். அன்றிரவு கட்சித் தலைவர்கள் அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்த தொலைக்காட்சி விவாதத்தில், மெர்கலின் தலைமையில் தன் கட்சி ஆட்சியில் சேரவே சேராது என்று ஷ்ரோடர் சிரித்துக்கொண்டே அடித்துச் சொன்னார். எதிரே மெர்கல் களைத்த முகத்தோடு, அதிகம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 22 அன்று, அதே கட்சியின் உறுப்பினர்களும் வாக்களிக்க, அவர் சான்சலர் ஆனார்.

இந்த இரண்டு மாதத்தில் நடந்தது என்ன? குழு குழுவாக உட்கார்ந்து, வரி முதல் ஓய்வூதியம் வரை ஒவ்வொன்றாகப் பேசி, ‘கூட்டணி ஒப்பந்தம்’ எழுதினார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளில் அரசு என்னென்ன செய்யும் என்று பங்காளிக் கட்சிகள் கையெழுத்திடும் ஆவணம் அது. நூறு பக்கத்துக்கு மேல் நீள்வது வழக்கம். நம்மூரில் கூட்டணி என்றால் தேர்தலுக்கு முந்தைய தொகுதிப் பங்கீடு நினைவுக்கு வரும். அங்கே கூட்டணி தேர்தலுக்குப் பிறகு உருவாகிறது, பங்கிடப்படுவது கொள்கை. 2013இலும் 2018இலும் சமூக ஜனநாயகக் கட்சி இந்த ஒப்பந்தத்தைத் தன் சாதாரண உறுப்பினர்களுக்கே அஞ்சலில் அனுப்பி வாக்கெடுப்பு நடத்தியது. 2018இல் 66 சதவீதத்தினர் ஆம் என்ற பிறகே மெர்கலால் நான்காம் முறை பதவி ஏற்க முடிந்தது. ஐரோப்பாவின் ராணி என்று அழைக்கப்பட்டவர், போட்டிக் கட்சியின் உறுப்பினர்கள் நிரப்பி அனுப்பும் அஞ்சல் உறைகளுக்காகக் காத்திருந்தார்.

ஒப்பந்தம் எவ்வளவு இறுக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 2015 ஜனவரி 1 முதல் ஜெர்மனியில் மணிக்கு 8.50 யூரோ என்று சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் வந்தது. மெர்கல் அரசின் சாதனையாக வெளிநாட்டில் எழுதினார்கள். நாடு முழுமைக்கும் ஒரே குறைந்தபட்ச ஊதியம் வேண்டாம், துறைவாரியாகத் தொழிற்சங்கமும் முதலாளிகளும் பேசிக்கொள்ளட்டும் என்பதுதான் அவர் கட்சியின் நிலை. பங்காளி விதித்த நிபந்தனையால் வந்த சட்டம் அது. இன்னொன்று கார்களுக்கான சாலைக் கட்டணம். 2013 தேர்தல் நேரத்துத் தொலைக்காட்சி விவாதத்தில், தன் தலைமையில் அப்படி ஒரு கட்டணம் வராது என்று மெர்கல் நாடறியச் சொன்னார். பவேரியச் சகோதரக் கட்சி அது இல்லாமல் கையெழுத்திட மாட்டேன் என்றது. ஒப்பந்தத்தில் இடம்பெற்றது, சட்டமும் ஆனது. கடைசியில் 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது.

சாவியைப் பிடுங்குவது எளிதில்லை

இவ்வளவு இழுபறியோடு ஒருவர் பதினாறு ஆண்டுகள் எப்படி நீடிக்க முடிந்தது? இங்கேதான் ஜெர்மானிய அரசமைப்பின் மிக அழகான ஏற்பாடு வருகிறது. என் கணக்கில், மெர்கலைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படிக்க வேண்டும்.

1999 ஏப்ரல் 17ஐ நினைவுபடுத்திக்கொள்வோம். அ.தி.மு.க. ஆதரவை விலக்கியதால் வாஜ்பாய் அரசு மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தது. 269க்கு 270, ஒரே ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது. கவிழ்த்தவர்களால் மாற்று அரசு அமைக்க முடியவில்லை. மறுபடி தேர்தல் வந்தது; அதுவரை காபந்து அரசுதான்.

ஜெர்மனியில் எதிர்க்கட்சிகள் இப்படிக் கூடிக் கவிழ்க்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவு ‘ஆக்கபூர்வ நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ என்ற முறையை வைத்திருக்கிறது. இருக்கும் சான்சலரை நீக்க வேண்டுமானால், அதே வாக்கெடுப்பில் அடுத்த சான்சலரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தாக வேண்டும். கல்லாச் சாவியைப் பிடுங்குவதென்றால், யார் கையில் கொடுக்கப்போகிறோம் என்பதை அதே மூச்சில் சொல்ல வேண்டும். ‘இவர் வேண்டாம்’ என்பதில் ஒன்றுபடுவது எளிது. ‘இவர் வேண்டும்’ என்பதில் ஒன்றுபடுவதுதான் கடினம்.

இந்த விதிக்குப் பின்னால் பெரும் துயரம் இருக்கிறது. 1919 முதல் 1933 வரை ஜெர்மனியில் இருந்த வைமார் குடியரசில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் சான்சலர்களாக வந்து போனார்கள். ஒன்றுக்கொன்று ஒவ்வாத கட்சிகள் அரசைக் கவிழ்ப்பதற்கு மட்டும் கைகோத்தன. மக்கள் சலித்துப்போன அந்தச் சூழலில்தான் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். போருக்குப் பிறகு 1949இல் புதிய அரசமைப்பை எழுதியவர்கள் அந்த ஓட்டையை முதலில் அடைத்தார்கள். அதன்பிறகு இந்தத் தீர்மானம் இரண்டே முறைதான் வாக்கெடுப்புக்கு வந்திருக்கிறது. 1972இல் வில்லி பிராண்டை நீக்கும் முயற்சி இரண்டு வாக்குகள் குறைந்து தோற்றது. 1982இல் சுதந்திர ஜனநாயகக் கட்சி அணி மாறியதால் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தார். மெர்கலுக்கு எதிராக ஒருமுறைகூட வரவில்லை.

சுருக்கமாக: சான்சலர் ஆவதற்குப் பங்காளிகளின் சம்மதம் வேண்டும், ஆனபின் அகற்றுவதற்கு எதிரிகளின் ஒற்றுமை வேண்டும். முதலாவது அவருடைய கைகளைக் கட்டியது, இரண்டாவது அவரைக் காத்தது.

சிவப்பு அட்டை

2017 ஜூன் 30, வெள்ளிக்கிழமை. ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கும் வாக்கெடுப்பு. ஜெர்மன் நாடாளுமன்றத்தில் பெயர் பதிந்து வாக்களிக்கும்போது உறுப்பினர்கள் தம் பெயர் அச்சிட்ட அட்டையைப் பெட்டியில் போட வேண்டும். நீலம் ஆம், சிவப்பு இல்லை, வெள்ளை நடுநிலை. மெர்கல் சிவப்பு அட்டையைப் போட்டார். 393க்கு 226 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது.

நாட்டின் தலைவர் எதிர்த்து வாக்களித்த சட்டம் நிறைவேறுகிறது, அரசு கவிழவில்லை, அவர் புன்னகையோடு அடுத்த வேலைக்குப் போகிறார். இதற்கு நான்கு நாள் முன்பு பெர்லின் நாடக அரங்கு ஒன்றில் நடந்த உரையாடலில் பார்வையாளர் ஒருவர் கேட்டபோது, இது மனச்சாட்சியின் கேள்வியாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சமூக ஜனநாயகக் கட்சி அதே வாரத்தில் மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்துவிட்டது. வெளிநாட்டுச் செய்திகளில் சில, ‘மெர்கல் வழிவிட்டார்’ என்றன, சில ‘மெர்கல் எதிர்த்தார்’ என்றன. இரண்டும் உண்மை. ஒரே தலைப்புக்குள் அடங்காத உண்மை.

எல்லை திறக்கப்பட்டதா?

அவர்மீது அதிகம் சுமத்தப்பட்டதும் அவரை அதிகம் உயர்த்தியதும் 2015 செப்டம்பர் 4 இரவுதான். ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டின் ரயில் நிலையத்தில் நாள்கணக்கில் தவித்த அகதிகள், பெரும்பாலும் சிரியப் போரிலிருந்து தப்பியவர்கள், குழந்தைகளைத் தோளில் சுமந்தபடி நெடுஞ்சாலையில் ஆஸ்திரியாவை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். ஆஸ்திரிய சான்சலர் மெர்கலை அழைத்தார். அவர்களை ஏற்க மெர்கல் சம்மதித்தார்.

‘எல்லையைத் திறந்துவிட்டார்’ என்று உலகம் எழுதியது. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே சோதனைச் சாவடிகள் 1990களின் இறுதியிலேயே எடுக்கப்பட்டுவிட்டன. இரு நாடுகளும் ஷெங்கன் பகுதியில் இருப்பவை; அதாவது, உள் எல்லைகளில் வழக்கமான சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பு. ஏற்கெனவே திறந்திருந்த கதவை மூடாமல் விட்டதே அவர் எடுத்த முடிவு. முதலில் நுழைந்த நாடே அகதி விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதியைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பாமல் விட்டதும் அதில் சேரும். ‘திறந்தார்’, ‘மூடவில்லை’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே எவ்வளவு தூரம்! அந்தத் தூரத்தில்தான் பல ஆண்டு வெறுப்புப் பிரச்சாரம் வளர்ந்தது. அந்த ஆண்டு சுமார் 8,90,000 பேர் ஜெர்மனியில் புகலிடம் தேடி வந்தார்கள். முதல் பெருங்கூட்டம் வந்து பத்து நாளுக்குள், செப்டம்பர் 13 அன்றே, எல்லைச் சோதனை மீண்டும் தொடங்கியது என்பதைப் பலர் எழுதவே இல்லை.

அன்றிரவு பவேரியக் கட்சித் தலைவர் ஹோர்ஸ்ட் சீஹோஃபரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. பங்காளியின் சம்மதம் இல்லாமல் எடுத்த முடிவாக அது போய்விட்டது. மூன்று ஆண்டுகள் ஓயாத சச்சரவு. 2018 கோடையில் உள்துறை அமைச்சராக இருந்த சீஹோஃபர் பதவி விலகுவேன் என்று சொல்லும் அளவுக்குப் போனது. ஒரே ஒரு தொலைபேசிப் பேச்சைத் தவறவிட்டாலும் கூட்டுக் கடையில் கணக்கு தீர்க்கப்படும்.

எது அவருடையது?

இதையெல்லாம் படித்துவிட்டு, மெர்கல் வெறும் கல்லாப் பொம்மை என்று முடிவுகட்டினால் அதுவும் தவறு. அரசின் பொதுத் திசையை சான்சலரே வகுக்கலாம் என்று 65ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கு ‘வழிகாட்டும் அதிகாரம்’ என்று பெயர். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நடந்த சில நாள்களிலேயே பழைய அணு உலைகளை நிறுத்த வைத்தவர் அவர்தான். அதற்குச் சில மாதம் முன்புதான் அதே அரசு உலைகளின் ஆயுளை நீட்டியிருந்தது. கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்து, இயற்பியல் படித்து, குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், தன் கணிப்பை மாற்றிக்கொண்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

பழியிலும் அவருக்கான பங்கு உண்டு. 2014இல் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்ட பிறகும், ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு வரும் நார்ட் ஸ்ட்ரீம் 2 எரிவாயுக் குழாய் வெறும் வணிகத் திட்டம் என்ற வாதத்தை அவர் நெடுநாள் சொல்லிவந்தார். அதைக் கூட்டணியின் தலையில் கட்ட முடியாது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும், ஒருகாலத்தில் அவரைச் சுதந்திர உலகின் தலைவர் என்ற அதே ஊடகங்களில் பல, எல்லாவற்றுக்கும் அவரே காரணம் என்று திரும்பின. அப்போதும் எழுவாய் ஒருவர்தான். பயனிலை மட்டும் மாறியிருந்தது.

கிரேக்கக் கடன் நெருக்கடியும் இப்படித்தான். ஏதென்ஸ் நாளிதழ் ஒன்று அவரை நாஜிச் சீருடையில் வரைந்து போட்டது. அதே நேரத்தில் அவருடைய சொந்த அணியிலேயே, கிரேக்கத்துக்கு இனி ஒரு காசும் தரக் கூடாது என்று ஒரு கூட்டம் நின்றது. 2015 ஜூலையில் மூன்றாவது உதவிக்கான பேச்சுவார்த்தைக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தபோது அவர் தரப்பு உறுப்பினர்கள் 60 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஏதென்ஸில் கொடியவர், பெர்லினில் தாராளக்காரர். ஒரே மனிதர், ஒரே வாரம்.

அடுத்த முறை ஐரோப்பியத் தலைவர் ஒருவரின் பெயரோடு ஒரு தலைப்பைப் பார்த்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் கட்சிக்கு மன்றத்தில் எத்தனை இடம்? பங்காளி யார், அவர் கேட்டது என்ன? இந்த முடிவு ஒப்பந்தத்தில் இருந்ததா, இல்லை அன்றிரவு அவரே எடுத்ததா?

கடைசி நாள்கள்

2021 தேர்தலில் மெர்கல் போட்டியிடவில்லை. செப்டம்பர் 26 அன்று வாக்குப்பதிவு முடிந்தும் அவரால் உடனே வீட்டுக்குப் போக முடியவில்லை. சமூக ஜனநாயகக் கட்சி, பசுமைக் கட்சி, சுதந்திர ஜனநாயகக் கட்சி மூன்றும் தங்கள் ஒப்பந்தத்தை எழுதி முடிக்கும்வரை காபந்து சான்சலராக இருந்தார். மிக நீண்ட காலம் பதவி வகித்த போருக்குப் பிந்தைய சான்சலர் என்ற பெயர் அவருடைய அரசியல் ஆசானாகிய ஹெல்முட் கோலுக்கு உரியது. டிசம்பர் நடுப்பகுதியைத் தாண்டியிருந்தால் அது மெர்கலுக்கு வந்திருக்கும். மூன்று கட்சிகளும் எதிர்பார்த்ததைவிட விரைவாகப் பேசி முடித்தன. டிசம்பர் 8 அன்று ஓலாஃப் ஷோல்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். மேல்மாடத்தில் பார்வையாளராக அமர்ந்திருந்த மெர்கலுக்கு உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கோலின் கணக்குக்குச் சுமார் பத்து நாள் குறைவு.